பிலாத்துவுக்கு ஏற்ற பாடத்திட்டம்

தேவாலயத்தின் பங்குப் பள்ளியில் இதுவரை நடத்திய மெட்ராஸ் பாடமே போதுமா, வரும் ஜூனிலிருந்து வேறு பாடத்திட்டமா என்று முடிவெடுக்கக் கூடிய கூட்டத்தில் மொசியே சிங்கராயர் எழுந்து நின்றார். உட்கார்ந்து பேசும் பழக்கம் அவருக்கு இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தோடு சைகோன் வரை போய்ப் பென்ஷனோடும் ‘மொசியே’ பட்டத்தோடும் திரும்பியவர். அங்கே அவர் இருந்தது சமையற்கட்டில் என்பது நெல்லித்தோப்பு முழுக்கத் தெரியும். அவரிடம் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தவர் அல்லவா.

“மொதல்ல பாரீஸ் பாடந்தான் கேட்டேன். சொல்லிக்குடுக்க ஆள் இல்லன்னீங்க. சரி, பாரீஸ் இல்லன்னா டெல்லி. நடுவுல மெட்ராஸ் எதுக்கு?”

பங்குச் சாமியார் மேலே பார்த்தார். அங்கே கூரை இருந்தது.

“டெல்லின்னா இங்கிலீஷும் இந்தியும் போதும் சாமி. தமிழ வூட்ல பேசிக்கலாம்.”

கடைசி நாற்காலியில் இருந்த செல்வாம்பாள் தமிழ் ஆசிரியை. கணவனுக்கு மில்லில் வேலை போனதிலிருந்து முத்தியால்பேட்டை வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். பாடம் டெல்லிக்குப் போனால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“டீச்சர் இன்னா சொல்றீங்க?” என்றார் சாமியார்.

“தமிழ் டீச்சர் தமிழ் வேணும்னுதான் சாமி சொல்லுவேன். அத யாரு கேக்கப் போறாங்க.”

“வுவாலா. பாத்தீங்களா, அவங்களே சொல்லிட்டாங்க,” என்றார் சிங்கராயர்.

கை தூக்கச் சொல்லும் நேரத்தில் பாவாடை என்ற தையற்காரர் அளவு நாடாவோடு உள்ளே வந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கிவிட்டது. ஆண்டுதோறும் பங்கில் போடும் பாஸ்கா நாடகத்துக்கு உடுப்பு அவர் பொறுப்பு. அதில் இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆளுநர் பிலாத்து வேஷம், வேறு யாரும் கேட்கத் துணியாத காரணத்தால், சிங்கராயருடையது.

“மொசியே, வவுறு கூடியிருக்கும், அளந்துட்டுப் போறேன். சாமி, ரோமாபுரிச் சிப்பாய் இந்த வருசம் யாரு?”

“பத்தாவது பசங்கதான். மீசை அவனுங்களுக்குத்தானே இருக்கு,” என்ற சாமியார் சட்டென்று நிமிர்ந்தார். “ஆனா பாவாடை, நாடகம் இதான் கடைசி. டெல்லி பாடம் வந்தா பரீட்சை மார்ச்சுல. தபசு காலத்துல ஒருத்தன் ஒத்திகைக்கு வரமாட்டான்.”

“அப்ப பிலாத்து தனியா வந்து நிக்கணுமா?” தையற்காரர் அளவு நாடாவைச் சிங்கராயரின் இடுப்பில் சுற்றினார். “நல்லா இருக்காதே. தாலுக்கா ஆபீஸ் பியூன் கணக்கா இருக்கும்.”

அளவுக்காக இரு கைகளையும் தூக்கி நின்ற சிங்கராயர் கேட்டார்: “மெட்ராஸ் பரீட்சை எப்ப?”

“ஏப்ரல்ல. அநேகமா ஈஸ்டர் கழிச்சுத்தான்.”

நாடா இறுகியது. சிங்கராயர் கனைத்தார்.

“மெட்ராஸ் பாடமும் ஒண்ணும் மோசமில்ல. நம்ம பண்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல? தாய்மொழிய வுட்டுட முடியுமா?”

தூக்கிய கைகள் இன்னும் இறங்கவில்லை. அதையே வாக்காக எடுத்துக்கொண்டு சாமியார் தன் கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள்.

செல்வாம்பாள் வெளியே வந்து குழாயடியில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். காலையிலிருந்து அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. பின்னாலேயே சிங்கராயர் வந்தார்.

“டீச்சர், என் வசனம் ரொம்பக் கம்மியா இருக்கு. நல்ல தமிழ்ல நீட்டிக் குடுங்களேன்.”

“எவ்ளோ மொசியே?”

“நீங்களே பாத்து.”

அந்த வருடம் பிலாத்து முக்கால் மணி நேரம் பேசினான். சிலுவைக்குப் போக வேண்டியவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ஊரே கொட்டாவி விட்டது. முன்வரிசையில் செல்வாம்பாள் மட்டும் ஒவ்வொரு வரிக்கும் கை தட்டினாள்.