நீலக் கண்டாங்கித் தொட்டில்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. காளவாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது பாண்டியம்மாள் சொன்னது. அவள் அம்மா ஒச்சாயிக்கு, 1938 வாக்கில், மதுரைப் பஞ்சாலை ஒன்றில் நடந்ததாம். கேட்டதும் அங்கேயே, அவள் பக்கத்திலேயே, எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆசை யாரை விட்டது!

தொடக்கம்: ‘ஆலைச் சங்கு அலறியது. ஒச்சாயியின் கண்களில் நீர்—’

(அடித்துவிட்டேன். “எங்காத்தா எதுக்கு அழுகணும்? சொந்தமாச் சம்பாரிச்சவ!” என்று பாண்டியம்மாள் முறைத்தாள்.)

2

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நூல் சுற்றும் பெண்களின் கைக்குழந்தைகளுக்கு ஆலைக்குள் ஒரு தகரக் கொட்டகை. அவரவர் பழஞ்சேலையில் தொட்டில். பால் கொடுக்க நடுவில் விடுவார்கள்; அடுத்த சங்குக்குள் திரும்பிவிட வேண்டும். ஒச்சாயி ஏற்கெனவே பிந்தியவள். இன்னொரு முறை பிந்தினால் வேலை இல்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

அன்று மழை. கூரை ஒழுகியதால், கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பிள்ளைகளைத் தொட்டில் மாற்றிப் போட்டிருந்தாள். ஒச்சாயி ஓடிவந்து, தன் நீலக் கண்டாங்கிச் சேலையை அடையாளம் பார்த்து, உள்ளே கிடந்ததை அந்த இருட்டில் வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

(பெற்றவளுக்குப் பிள்ளை தெரியாதா என்கிறீர்களா? நானும் கேட்டேன். “கோழி கூப்பிட எந்திரிச்சவளுக்குக் கண்ணு எங்கிட்டுத் தெரியும்?” என்றாள் பாண்டியம்மாள்.)

3

மடியில் இருந்தது வயிறாரக் குடித்தது. அப்போதுதான் பக்கத்துத் தொட்டிலில் அழுகை. ஐயோ, அது அவள் பிள்ளையின் குரல்! பால் குடித்தவன் ரங்கநாயகியின் மகன். ரங்கநாயகி சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டில் தறி நின்றுபோனதால் ஆலைக்கு வந்தவள். மற்றவர் கைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

இங்கே ஒரு பெரிய சண்டை எழுதினேன். கொண்டையைப் பிடித்து... வேண்டாம், நடக்காததற்கு எதற்கு வீண் வம்பு?

“தெரியாமச் செஞ்சுட்டேன்க்கா,” என்றாள் ஒச்சாயி.

ரங்கநாயகி மகனின் பால் வழியும் வாயைப் பார்த்தாள். பிறகு அலறிக்கொண்டிருந்தவனைத் தூக்கி, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நீ போடி, சங்கு ஊதிரும். ஒருநா பிந்துனா என்னைய ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக. இவனுக்குக் குடுத்துட்டு வாரேன்.”

மறுநாளிலிருந்து முன்னால் வருகிறவள் எது அழுகிறதோ அதற்குக் கொடுத்தாள். ஒச்சாயி அப்புறம் பிந்தவே இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

4

ரங்கநாயகி இதைத் தன் மாமியாரிடம் சொன்னாளா? பாண்டியம்மாளைக் கேட்பதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. நானும் மாமியாரை விதவிதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாரும் கத்தினார்கள், கிழித்துப் போட்டேன்.

நீங்களே ஒரு மாமியாரை எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேசுகிறவளாக இருக்கட்டும். இப்போதுதான் பிள்ளைகள் இரண்டும் தூங்கியிருக்கின்றன.