ரோசலின் படித்த கவுன்சிலிங்

ராயப்பராஜுக்குத் தெரிந்த கவுன்சிலிங் ஒன்றே ஒன்றுதான். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஊரே மார்க் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு சீட்டுக்காக ஓடுமே, அது. மகள் ரோசலின் கவுன்சிலிங் படிக்கப் போவதாகச் சொன்னபோது மனுசன் குளிர்ந்துபோனார். வருசம் தவறாமல் ரிசல்ட் வரும், ஜனமும் ஓடும். இந்தத் தொழிலுக்கு ஏது பஞ்சம்? திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிற ஆட்டோக்காரர், மகளின் கல்விக் கடனுக்கு மறுபேச்சில்லாமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.

அது மனநலப் படிப்பு என்று விளங்கியபோது முதல் வருசம் முடிந்திருந்தது. "பைத்தியத்துக்கா இம்புட்டு பீஸு?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

படிப்பு முடிந்து ரோசலினுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சம்பளம் பன்னிரண்டாயிரம். அதில் கடன் தவணைக்கே ஒன்பதாயிரம் போய்விடும். வேலை என்னவோ அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. வந்தவர்கள் அழுவார்கள், பேசுவார்கள், போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். தெளிந்த முகத்தைக் கொண்டுபோய் பேங்கில் கட்ட முடியுமா? அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்த மாதம் தவணை நின்றது. பேங்க்காரர்கள் ராயப்பராஜைக் கூப்பிட்டார்கள். தக்காளிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே அவர் "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொன்னதை மார்க்கெட்டே பார்த்தது.

இதைக் கேள்விப்பட்டுத்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் அப்பாஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "நீ கவுன்சிலிங் படிச்ச புள்ளதானம்மா. சாயங்காலம் வந்து ஒக்காரு. எந்தப் படிப்பு, எந்தக் காலேஜுன்னு சொல்லிவிடு. சேர்ந்தா காலேஜ்ல தலைக்கு இருவதாயிரம் தர்றான். ஆளுக்குப் பாதி."

"அது வேற கவுன்சிலிங் பாய்."

"ஜனத்துக்கு எல்லாம் ஒண்ணுதேன்."

மறுநாளே வாசலில் போர்டு ஏறியது. 'கவுன்சிலிங்: ரோசலின், எம்.எஸ்ஸி.' அதைப் பார்த்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தாள்.

முதல் வாரம் வந்தவர்கள் எல்லாம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் சாணார்பட்டியிலிருந்து சண்முகவள்ளியும் அவள் மகள் புவனேஸ்வரியும் வந்தார்கள். பூத்தோட்டம் வைத்துப் பிழைக்கிறவர்கள். சண்முகவள்ளியின் விரல்களில் பூக்காம்பின் பச்சை இன்னும் போகவில்லை.

"நீங்க படிச்சதையே படிக்கணும்க்கா" என்றாள் புவனேஸ்வரி. அப்பாஸுக்குப் பணம் தரும் காலேஜிலேயே அந்தப் படிப்பு இருந்தது. ரோசலின் அப்போதே பாரத்தை நீட்டியிருக்கலாம்.

"ஏன் இத எடுக்கணும்னு நெனச்ச?"

"எங்க அண்ணன் போன தையில செடிக்கு அடிக்கிற மருந்தக் குடிச்சிருச்சு. அதுக்கு முன்னாடி யாருட்டயும் பேசாமயே கெடந்துச்சு. அதுட்ட எப்படிப் பேசணும்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியலக்கா."

இந்தப் பிள்ளை படித்தால் எத்தனை வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கும் என்று ரோசலினுக்குத் தோன்றியது. அதே நேரம் பத்தாயிரம் ரூபாயும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நல்ல எண்ணமும் காசும் ஒரே பக்கம் கையைக் காட்டியதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இதப் படிச்சா மாசம் என்ன தாயி கெடைக்கும்?" என்று கேட்டாள் சண்முகவள்ளி. "தோட்டத்த அடமானம் வச்சுத்தேன் கட்டணும்."

ரோசலின் ஒரு முறை அப்பாஸைப் பார்த்தாள். அவர் யாருக்கோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பன்னெண்டாயிரம்மா. ஒம்பதாயிரம் கடனுக்குப் போயிருது. தோட்டத்த வச்சிராதீங்க. கவர்மென்ட் காலேஜ்ல பீஸ் கம்மியா எதையாச்சும் படிக்கட்டும். இத அப்புறம் பாத்துக்கலாம்."

புவனேஸ்வரியின் முகம் விழுந்துபோனது. சண்முகவள்ளி வாசல் போர்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"போர்டு போட்டு ஒக்காந்திருக்க. எம்புள்ளைக்கு மட்டும் வேணாங்குறியே தாயி."

"பொய் சொல்லலம்மா."

"மூத்தவன மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாக. பூக்காசு வரட்டும், வரட்டும்னு தள்ளிப் போட்டேன். காசு பாத்து ஒரு புள்ளையக் குடுத்துட்டேன். இவளுக்கும் காசு பாக்கச் சொல்றியா?"

ரோசலின் தன் முன்னால் இருந்த பாரக் கட்டை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தாள்.

"இங்கிட்டு வாங்கம்மா" என்றார் அப்பாஸ். அவர் மேஜையில் பாரம் தயாராக இருந்தது. சண்முகவள்ளி கையெழுத்துப் போட்டாள். போகும்போது புவனேஸ்வரி மட்டும் திரும்பி, "நல்லாப் படிப்பேன்க்கா" என்றாள்.

பத்து நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் சிணுங்கியது. கடன் வாங்கிய பேங்கில் இருக்கும் அவள் கணக்கில் அப்பாஸ் பத்தாயிரம் போட்டிருந்தார். அவள் சொன்ன புத்தியை அவர்கள் கேட்கவில்லை என்றாலும் அவள் பேர் போட்ட போர்டைப் பார்த்து வந்த தலையாம், பங்கு பங்குதானாம். இதைச் சாணார்பட்டிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும், இன்றைக்கே பஸ் ஏறிவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். டீ கிளாஸைக் கீழே வைப்பதற்குள் அடுத்த மெசேஜ் வந்தது. நிலுவைத் தவணையும் அபராத வட்டியும் என்று பேங்க் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

அன்றைக்கு ராயப்பராஜ் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். தட்டு முன்னால் உட்கார்ந்தவர் முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு சிரிப்பு.

"பேங்க்ல கூப்பிட்டு, நின்ன தவணை பாக்கி தீந்துச்சுன்னு சொன்னான். நாந்தேன் அப்பவே சொன்னேன்லம்மா, கவுன்சிலிங்குக்குப் பஞ்சமே வராதுன்னு."

ரோசலின் "ஆமாப்பா" என்று சொல்லி, அவர் தட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை வைத்தாள்.