நீல வெளிச்சம்

சின்னவளின் தொழிலே அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதுதான். பதிப்பகங்கள் அனுப்பும் பக்கங்களை வீட்டில் உட்கார்ந்தபடியே திருத்திக் கொடுப்பாள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்டவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட அவளும், புருஷனை இழந்த அக்காவும் பதினோரு வருஷம் ஒன்றாகக் குடியிருந்தார்கள். அக்கா தையல்காரி. கூடத்து ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பாள். டாக்டர் சொன்னாரென்று காற்றைச் சுத்தம் செய்ய ஒரு ஏர் பியூரிஃபையரும், வறண்ட காற்று ஆகாது என்பதால் ஈரப் புகை விடும் ஹியூமிடிஃபையர் ஒன்றும் வாங்கி வைத்தார்கள். காற்று சுத்தமாக இருந்தால் பியூரிஃபையரில் நீல விளக்கு எரியும். தூசி கூடினால் சிவப்பு. வினையே அந்த விளக்கில்தான் வந்தது.

அக்கா துணி கிழித்தால் சிவப்பு, உதறினால் சிவப்பு. சின்னவள் ஒன்றும் சொல்லமாட்டாள். முதலில் விளக்கைப் பார்ப்பாள், அப்புறம் அக்காவைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பதில் கன்னத்தில் நாலு அறை வாங்கிக்கொண்டு போகலாம். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் வாயும் திறந்துகொண்டது.

"என்னைச் சாகடிச்சிட்டுத்தான் ஓய்வியா?"

பெரியவள் தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையை முடித்தாள். நூலைக் கடித்து அறுத்தாள். மறுவாரமே கடைத்தெருவில் ஒரு மாடி அறையைப் பிடித்து, மெஷினோடு போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள் நீல விளக்கு அசையவில்லை. 'பார்த்தாயா, நான் சொன்னது சரி' என்று சின்னவள் காலி ஜன்னலைப் பார்த்து மார்தட்டிக்கொண்டாள். பதிமூன்றாம் நாள் சிவப்பு எரிந்தது. வீட்டில் ஈ காக்கை இல்லை, துணி இல்லை, நூல் இல்லை. ஆனாலும் சிவப்பு. நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒருதரம் எடுத்த இன்ஹேலர் பஃப் ஒரு நாளைக்கு மூன்று தரம் ஆனது. காற்று வறண்டுவிட்டது போலிருக்கிறது என்று ஹியூமிடிஃபையரைப் பகலெல்லாம் முழு வேகத்தில் ஓடவிட்டாள். மெஷின் சத்தம் இல்லாத வீட்டில் தன் மூச்சிரைப்பு தனக்கே பெரிதாகக் கேட்டது. "இப்ப என்னதான்டா வேணும் உனக்கு?" என்று பியூரிஃபையரிடம் கேட்கிற அளவுக்குத் தனியாகிப்போனாள்.

கடைசியில் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டாள்.

"பியூரிஃபையர் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றவர், பக்கத்தில் புகை விட்டுக்கொண்டிருந்த ஹியூமிடிஃபையரின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தார். உள்ளே வழவழவென்று பாசி. அதன் பின்னால் சுவரில் கருப்புக் கருப்பாகப் பூஞ்சைப் புள்ளிகள். "குழாய்த் தண்ணியா ஊத்துறீங்க?"

"வேற எந்தத் தண்ணிய ஊத்துவாங்க?"

"அதுல இருக்கிற உப்பு புகையோட பறந்து தூசியாத் தெரியுது. இந்த அழுக்கு வேற நேரா உங்க நெஞ்சுக்குள்ள போகுது. தினமும் கழுவிக் காயவைக்கணும், சுத்திகரிச்ச தண்ணிதான் ஊத்தணும். போன தடவை தையல் அக்கா எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு எழுதி வச்சுக்கிட்டாங்களே! அவங்க இல்லையா?"

 சின்னவளுக்குத் தினமும் காலையில் குளியலறையில் கேட்ட தண்ணீர்ச் சத்தம் நினைவுக்கு வந்தது. அங்கே நூலில் கட்டித் தொங்கிய பழைய பல் பிரஷ்ஷும் நினைவுக்கு வந்தது. மெஷினுக்கு எண்ணெய் போடுகிற பிரஷ் என்று நினைத்து, அக்கா போன மறுநாளே அதைக் குப்பையில் போட்டிருந்தாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

சர்வீஸ்காரர் படி இறங்கியதும் போன் செய்தாள்.

"அக்கா..."

"இழுக்குதா? பஃப் எடுத்தியா?"

"எடுத்தேன். தொட்டிய நீதான் கழுவிக்கிட்டு இருந்தியா?"

"வேற யாரு, பக்கத்து வீட்டுப் பூனையா?"

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையே. சரி, வினிகர் ஊத்தி அரைமணி நேரம் ஊறவை. பழைய பிரஷ் ஒண்ணு தொங்கும் பாரு."

"தூக்கிப் போட்டுட்டேன்."

"பரவால்ல, வேற எடுத்துக்கோ. வினிகர் வாசம் போற வரைக்கும் அலசு. உனக்கு ஆகாது."

"தப்பு என்னோடதுதான்க்கா. வந்துடேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"கோவம் இல்லடி. ஆனா இங்க துணிய உதறினா யாரும் என்னைத் திரும்பிப் பாக்கிறதில்ல. எனக்கும் இப்பத்தான் மூச்சு விட முடியுது." பிறகு, "காயவைக்க மறந்துடாத" என்றாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

சின்னவள் தினமும் தொட்டியைக் கழுவினாள், ஜன்னலோரம் கவிழ்த்துக் காயவைத்தாள், சுத்திகரித்த தண்ணீரையே ஊற்றினாள். ஆள் வைத்துச் சுவரைச் சுத்தம் செய்தாள். பத்து நாளில் இழுப்பு அடங்கியது. நீல விளக்கு அசையாமல் எரிந்தது. இப்படி ஒரு மூச்சு விட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.

ஒருநாள் சாயங்காலம் அலமாரிக்குப் பின்னால் அக்கா விட்டுப்போன காக்கித் துணித் துண்டு ஒன்று அகப்பட்டது. அதை எடுத்துவந்து பியூரிஃபையருக்கு முன்னால் பலமாக உதறினாள். விளக்கு சிவந்தது. பழக்க தோஷத்தில் திரும்பி ஜன்னலோரம் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் விளக்கு நீலமானது. அவள் இன்னும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.