தூய்மை பற்றிய வகுப்பு

வாசல்பக்க அறைக் கதவை மீரா திறந்ததும் நாற்றம் முகத்தில் வந்து மோதியது. கட்டிலில் அவள் கணவனின் அண்ணன் வெங்கடேஸ்வரன் சுவரைப் பார்த்துக் கிடந்தார். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துபோனதிலிருந்து அவரைப் புரட்டிச் சுத்தம் செய்கிற ஓமனா, மகள் பிரசவத்துக்காக நெய்யாற்றின்கரை போயிருந்தாள். எப்போது ஆயிற்று என்று மீரா கேட்டாள். விரிப்பின் ஓரங்கள் காய்ந்திருந்தன. விடிவதற்கு முன்பே ஆகியிருக்க வேண்டும்.

"மஹேஷை வரச்சொல்லு," என்றார் கடைசியில். "நீ தொடப்படாது, மீரா. எனக்கு உசிரே போயிடும்."

அவள் கணவன் மஹேஷ் நடுக்கூடத்தில் யோக வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான். கரமனை அக்ரஹாரத்து நீள வீடு. முன்னறையிலிருந்து பின்கட்டுக்குப் போக அந்தக் கூடத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ஆசனங்கள் வெறும் வாசற்படி, யோகம் என்பது சாப்பிடுவதிலும் பேசுவதிலும் அடுத்தவரைப் பார்க்கிற பார்வையிலும் இருக்கிறது என்று அவன் சொல்லும்போது எல்லோருக்கும் கண் பனிக்கும். மீராவும் ஒரு காலத்தில் அதை நம்பி வெங்காயத்தை விட்டாள். கோபத்தையும் விட்டுவிட்டதாக நினைத்திருந்தாள். இன்றைக்குப் பேச்சு சௌசம், உடலும் மனமும் தூய்மையாக இருப்பது பற்றி.

அவள் குனிந்து காதில் சொன்னாள். வகுப்பு முடியட்டும் என்றான். விடியலிலிருந்து அதிலேயே கிடக்கிறார் என்றாள். அவன் மாணவர்களிடம் திரும்பி, மெல்லிய மலையாளத்தில், உடம்பு என்பது இவ்வளவுதான், அதன்மேல் வருகிற அருவருப்பே பற்று விடுவதன் முதல் படி என்று விளக்கினான். இரண்டொருவர் தலையசைத்தார்கள். மீரா வாசல்பக்கம் திரும்பிப் பார்த்தாள். நாற்றத்தில் தியானம் கலைகிறது என்று அந்த அறைக்கு வெளியே ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு, இவன் உள்ளே எட்டிப் பார்த்தே எத்தனை நாளாயிற்று.

அவள் நகரவில்லை. எல்லோரும் அவளையே பார்க்கவும், மஹேஷ் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சேவையும் யோகம்தான், வாருங்கள், இன்றைக்கு அதைக் கண்ணால் பார்க்கலாம் என்று எழுந்தான். வகுப்புகளை இணையத்தில் போடுவதற்காகப் படம்பிடிக்கிற ஹரிகுமார் போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே உள்ளே வந்தான்; மற்றவர்கள் அறை வாசலோடு நின்றார்கள்.

"அண்ணா, கூச்சப்படாதே," என்று மஹேஷ் குழைவாகச் சொல்லி, இரண்டு விரல்களை மட்டும் அவர் தோளில் வைத்தான். வெங்கடேஸ்வரன் போனைப் பார்த்தார். நல்ல கையால் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்தார். கால்மாட்டில் போர்வை ஏறி, எல்லாம் வெளியே தெரிந்தது. போன் மெதுவாகக் கீழே இறங்கியது.

மீரா அதன்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"சேச்சி, முகம் காணிக்கில்ல," என்றான் ஹரிகுமார், முகத்தைக் காட்டமாட்டேன் என்று சமாதானமாக.

மஹேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்தாதே," என்றான். அவனுடைய வெளுத்த வேட்டியையும், நகம் வெட்டிய சுத்தமான கால்விரல்களையும் மீரா பார்த்தாள். கட்டிலைப் பார்த்து வராத குமட்டல் அப்போது வந்தது.

"வெளியில போங்கோ ரெண்டு பேரும்."

அவர்களைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். போர்வைக்கு அடியில் மூச்சு விம்மி விம்மி அடங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நான்தான் பண்ணப்போறேன். வேற யாரும் இல்லை."

விம்மல் ஓய்ந்தது. பிறகு போர்வைக்குள்ளிருந்தே, "வெந்நீர் இருக்கா?" என்று கேட்டார்.

கொண்டுவந்தாள். நடுவில் ஒரு முறை அவளுக்கு ஓங்கரித்தது, அவரிடம் மறைக்கவில்லை. துடைத்து, புரட்டி, வேட்டி மாற்றி முடிக்கும்வரை அவர் போர்வையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

அழுக்கு விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். துவைக்கிற கல் பின்கட்டில். கூடத்தில் எல்லோரும் முதுகு நிமிர்த்தி, கண்களை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மூச்சை ஆழமாக, இன்னும் ஆழமாக உள்ளே இழுக்கும்படி மஹேஷின் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. மீரா அவசரப்படாமல் பாய்களுக்கு நடுவில் நடந்தாள். முன்வரிசையில் விரிந்துகொண்டிருந்த ஒரு நெஞ்சு பாதியில் நின்றது. அப்புறம் அடுத்தது.