வாசற்படியில் நின்றவள்

"அண்ணாத்தே, உங்க ஊட்டு பூவாடைக்காரி பேரு இன்னா? வேம்புலியம்மா தானே?" என்று போனில் கேட்டான் ஷஃபியுல்லா. "சீக்கிரம் கெளம்பி வா. உங்க சாமி இங்க கேஸ் போட்டுக்கீது."

எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. பெண்ணுக்குப் பத்து நாளில் கல்யாணம். பத்திரிகைக் கட்டோடு வானகரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறேன், இவனுக்கு விளையாட்டு! ஷஃபியுல்லா பூந்தமல்லிக்காரன். கோர்ட் ரெக்கார்டு ரூமில் பழைய கட்டுகளை ஸ்கேனுக்குப் பிரித்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. நான் அதே கோர்ட்டில் முப்பது வருஷமாக வக்கீல் குமாஸ்தா. அவன் என்னைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது, நான் அவனைத் திட்டாத நாளும் கிடையாது. ஆனால் அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. அதனால்தான் போனேன்.

பூவாடைக்காரி யார் என்று எங்கள் பக்கத்தில் சொல்லத் தேவையில்லை. மஞ்சள் குங்குமத்தோடு அகாலமாய்ச் செத்துப்போன பெண் அந்த வீட்டுக்குச் சாமி. வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளைத் தண்ணீர்க் கரையிலிருந்து பம்பை, உடுக்கையோடு அழைத்துவர வேண்டும். புதுச்சேலை வைத்துப் படைத்து, அவள் சம்மதத்தை வாங்க வேண்டும். அந்தச் சேலை அடுத்த கல்யாணம் வரைக்கும் பூஜை அறையில் ஒரு மண்பானைக்குள் இருக்கும். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி, என் தாத்தாவைப் பெற்ற வேம்புலியம்மாள். கொரட்டூர் ஏரிக்குத் துணி துவைக்கப் போனவள் கால் வழுக்கி விழுந்துவிட்டாள், உடம்பு கிடைக்கவில்லை, கரையில் அவள் மஞ்சள் சேலை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து நான் கேட்ட கதை இதுதான். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி இருந்த வயலெல்லாம் ஃபிளாட் ஆகிவிட்டது. கதை மட்டும் மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பூவாடை வாசற்படி வரைக்கும் வருவாள், அங்கேயே நின்றுவிடுவாள். "உள்ள வா தாயே" என்று எத்தனை கெஞ்சினாலும் தலையைக் குனிந்தபடி ஆடிக்கொண்டே இருப்பாள். கடைசியில் சாமி வந்த பெண் மயங்கி விழும். தண்ணீர் தெளித்து உள்ளே தூக்கிப் போவோம். அதற்குள் பூஜை அறையில் பானை மேல் வைத்த பூ தானாக விழுந்திருக்கும். அதுதான் சம்மதம். ரொம்பக் கூச்சக்காரி என்று வீட்டில் சொல்வார்கள். நானும் அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ரெக்கார்டு ரூமில் கட்டு மேசைமேல் இருந்தது. 1934-ஆம் வருஷத்து வழக்கு.

"தீர்ப்ப மட்டும்தான் வெச்சிருப்பாங்க," என்றான் ஷஃபியுல்லா. "சாட்சி சொன்னதெல்லாம் எப்பவோ அழிச்சிருக்கணும். இது மட்டும் எப்டித் தப்பிச்சுதுன்னு தெர்ல."

கட்டின நூல் ஈரமாக இருந்தது. "தண்ணி பாட்டில கொட்டினியாடா?"

"அல்லா மேல ஆணையா இல்ல அண்ணாத்தே. நானே உன்ன கேக்கலாம்னு இருந்தேன்."

வாதி, வேம்புலியம்மாள். பிரதிவாதி அவள் புருஷன், அதாவது என் கொள்ளுத்தாத்தா. தான் அவருடைய மனைவிதான் என்று கோர்ட் சொல்ல வேண்டும், தன் மகனைத் தன்னிடம் விட வேண்டும் என்று கேட்டிருந்தாள். செத்தவள் எப்படி ஐயா கேஸ் போடுவாள்? நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் டைரியை எடுத்து, அவள் சாட்சியத்தை ஒரு வரி விடாமல் எழுதத் தொடங்கினேன்.

"புருஷன் அடி தாங்காமல் ஏரிக்கரையிலிருந்து அப்படியே நடந்து தாய் வீட்டுக்குப் போய்விட்டேன். காயப்போட்ட சேலையைக்கூட எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பிள்ளையைப் பார்க்க வந்தேன். அன்றைக்கு என் புருஷனுடைய இரண்டாம் கல்யாணத்துக்குப் பூவாடை அழைத்தார்கள். பம்பை அடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். நான் வாசலில் நின்றேன். நான்தான் வந்துவிட்டேனே என்றேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் நாத்தனார் மேல் ஒருத்தி வந்திருந்தாள். நான்தான் வேம்புலி என்று சொல்லிக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே போனாள். போனவள் கதவைச் சாத்தினாள். செத்தவ வாசப்படி மிதிக்கக் கூடாது என்று உள்ளேயிருந்து சொன்னாள்."

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறார்: "அழைத்ததும் வந்தது யார்?"

"தெரியாது. நான் இல்லை."

அதற்குப் பிறகு பம்பைக்காரரின் சாட்சியம். நான் அழைத்தேன், அவள் வந்தாள், உயிரோடு இருப்பவள் எப்படி வருவாள் என்கிறார். கடைசிச் சாட்சி அவள் மகன், வயது ஏழு. இந்த அம்மாளைப் பார், இது உன் தாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்கம்மா இல்ல. எங்கம்மா சாமி ஆயிட்டாங்க."

அந்தப் பிள்ளைதான் என் தாத்தா. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பம்பைச் சத்தம் தெருமுனைக்கு வரும்போதே அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பார். தாய்ப் பாசம், தாங்க முடியவில்லை என்று நாங்கள் சொல்வோம். பாவிகளா, ஏழு வயசுப் பிள்ளையை எத்தனை நாள் மிரட்டி அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தீர்கள்! டைரியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நல்லவேளை, ஷஃபியுல்லா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தீர்ப்பு நாலே வரி. தான்தான் அந்த வேம்புலி என்று வாதி நிரூபிக்கவில்லை. தீர்ப்பன்று வாதி ஆஜராகவில்லை. வழக்கு தள்ளுபடி. அதற்கப்புறம் அவள் எங்கே போனாள், எப்போது செத்தாள், எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவள் இடது கட்டைவிரல் ரேகை மட்டும் இருந்தது. நான் ஒரு தடவை அதன்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வீட்டில் கை கழுவும்போது பார்த்தால், கட்டைவிரலில் மை. தொண்ணூறு வருஷத்து மை ஒட்டுமா என்ன? சோப்புப் போட்டும் போகவில்லை.

டைரியை ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில். என் மனைவி சரசாவிடம் மட்டும், வேம்புலியம்மாள் ஏரியில் சாகவில்லையாம், உயிரோடுதான் இருந்தாளாம் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. வாசலில் நின்றது, கதவைச் சாத்தியது, உள்ளேயிருந்து பேசியது, பிள்ளை சொன்னது, எதையுமே சொல்லவில்லை.

சரசா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இத யாருகிட்டயும் சொல்லாத. பொண்ணுக்கு முப்பத்தொண்ணு ஆவுது. மொத சம்பந்தம் தட்டிப்போனப்ப அவ மூணு மாசம் ரூம விட்டு வெளிய வர்ல, மறந்துட்டியா? இந்த ஜெகன் புள்ள ஆவடில இருந்து தேடிக்கினு வந்து கேட்டுக்கீது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னுவாங்க. நீ ஒரு உண்மைய முழுங்கக் கூடாதா?"

முழுங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். என் பெண் ஜெயப்பிரியா அந்த ஒரு வாரமாகத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறாள். எனக்கு உலகத்தில் வேறு என்ன வேண்டும்? ஆனால் ராத்திரியெல்லாம் ஒரே கேள்வி. வேம்புலியம்மாள் வெளியே நின்றாள் என்றால், தொண்ணூறு வருஷமாக எங்கள் பூஜை அறையில் இருந்துகொண்டு பூவைத் தள்ளி விடுகிறவள் யார்?

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பூவாடை அழைக்கக் கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போனோம். நல்ல வெயில். வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் வந்துவிட்டோம், ஜெயப்பிரியாவைத் தவிர. பூவாடை வீட்டுக்குள் வரும்வரை கல்யாணப் பெண் பானைக்குப் பக்கத்திலிருந்து எழுந்திருக்கக் கூடாது, அது வழக்கம். கிளம்பும்போது அவளைத் தனியாக விட எனக்கு மனசில்லை. "பயமா இருக்குதாம்மா?" என்றேன். "ப்பா, பட்டப்பகல்ல இன்னா பயம்? போய் உங்க சாமிய கூட்டிக்கினு வா," என்று சிரித்தாள்.

வெற்றிலைமேல் கற்பூரம் ஏற்றித் தண்ணீரில் விட்டோம். பம்பைக்காரர் மூன்று தடவை பெயர் சொல்லி அழைத்தார். என் தங்கை அனுசுயாவுக்குத்தான் எப்போதும் சாமி வரும். வழக்கமாக அரைமணி நேரம் ஆகும். அன்றைக்கு முதல் அழைப்பிலேயே விறுவிறுவென்று தண்ணீருக்குள் இறங்கி, முழுக்க நனைந்து, திரும்பி, கரையேறி, யாருக்கும் காத்திருக்காமல் நடக்கத் தொடங்கிவிட்டாள். ஆடவே இல்லை. ரொம்ப தூரம் நடந்து களைத்தவளைப்போல நடந்தாள்.

வீட்டு வாசலில் வழக்கம்போல நின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பூஜை அறையில் விளக்கும், ஜெயப்பிரியாவின் மஞ்சள் சேலையில் ஒரு ஓரமும் தெரிந்தன. சரசா ஆரத்தித் தட்டோடு முன்னே போனாள். பம்பைக்காரர் கேட்டார்: "வந்தது யாரு தாயே?"

"வேம்புலி."

"சந்தோஷமா உள்ள வா தாயே."

"உள்ள ஒருத்தி கீறாளே."

பம்பை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் படியில் நின்று அவள் பேசியதே கிடையாது. பம்பைக்காரர் என்னைப் பார்த்தார். சரசா கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றாள். அனுசுயாவின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிப் படிக்கோலம் கரைந்துகொண்டிருந்தது.

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் தங்கையின் கண் இல்லை அது. "எம்புள்ள என்ன இல்லன்னுட்டான். அவன் கொழந்த, இன்னா பண்ணுவான்? நீ படிச்சியே. நீ சொல்லு. நான் யாரு?"

சொல்லாவிட்டால் அவள் வழக்கம்போல மயங்கி விழுவாள், பூ விழும், கல்யாணம் நடக்கும், என் பெண் சிரித்துக்கொண்டே போவாள். தொண்ணூறு வருஷமாக எல்லோரும் அதைத்தான் செய்தோம். முப்பது வருஷம் ஊர்க்காரன் கேஸுக்கெல்லாம் சாட்சி தேடி அலைந்தவன் நான். என் வீட்டுக் கேஸில் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் மனுஷனா?

"நீதாம்மா வேம்புலி," என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நீ ஏரியில சாவல. உன்ன உயிரோட வெளிய நிக்க வெச்சிட்டு, வேற எதையோ உள்ள வுட்டாங்க. என் தாத்தாவ பெத்தவ நீதான். வா, உள்ள வா. யாரும் உன்ன தடுக்க மாட்டாங்க."

ஆரத்தித் தட்டு சரசாவின் கையிலிருந்து விழுந்தது. அனுசுயாவின் முகம் சின்னப்பிள்ளை மாதிரி கோணிக்கொண்டது. அழுகிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. வலது காலைத் தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. "ப்ரியா, கதவ நல்லா தொறந்து வுடும்மா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன்.

ஜெயப்பிரியா எழுந்து வந்தாள். அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்தாள். என்னையும், அனுசுயாவையும், ஈரப் படியையும். பிறகு இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"செத்தவ வாசப்படி மிதிக்கக் கூடாது," என்றாள் உள்ளேயிருந்து.

நிதானமான குரல். என் பெண்ணின் குரல்தான். அரைஞாண் கயிற்றைத் தடவிப் பார்த்தேன், ஸ்கூட்டர் சாவி இருந்தது. அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. சரசா ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள், பேர் சொல்லிக் கதறினாள். நான் கதவில் தோளை வைத்து மோதினேன். எங்கள் தாத்தா காலத்துப் பலாக் கதவு, அசையவில்லை.

"ப்ரியா! நான்தாம்மா! அப்பா வந்துக்கீறேன், தொறம்மா!"

பிறகு கதவுக்கு ரொம்பப் பக்கத்தில், யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சின்னப்பிள்ளை ஒப்பிப்பது மாதிரி, அவள் சொன்னாள்.

"எங்கப்பா இல்ல. எங்கப்பா சாமி ஆயிட்டாரு."

வேம்புலியம்மாள் ஈரச் சேலையை ஒதுக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கும் இடம் விட்டாள்.