பாதி வழியில் இறங்கியவர்

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து கம்பி நீட்டிய கதையை அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். சொல்லும்படியாக அவர் செய்துவிட்டு வந்திருக்கும்போது அவளைக் குறை சொல்லி என்ன பயன்! குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி. மகள் மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறவள் ஆயிற்றே, அவளே விசாரித்து, அவளே தேதி வாங்கி, அவளே கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வராந்தா திரும்புகிற இடத்தில், தள்ளிக்கொண்டு வந்தவர் லிப்ட் பொத்தானை அமுக்கத் திரும்பினார். அவ்வளவுதான். மனுஷன் இறங்கி, முதுகில் கயிறு கட்டிய பச்சை அங்கியோடு, வெறுங்காலோடு, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி வீடு வந்து சேர்ந்துவிட்டார். தூங்குவதற்குக் கொடுத்த மாத்திரையை முழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாராம். வீட்டு வாசலில் துப்பினார்.

"ஆட்டோவுல பின்னால உக்காந்து வந்தாரா, இல்ல டிரைவர எறக்கிவிட்டுட்டுத் தானே ஓட்டிட்டு வந்தாரான்னு கேளுங்க" என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்.

அம்மா கிண்டலுக்குச் சொன்னாலும் அதில் நியாயம் இருந்தது. அப்பா தொலைதூர பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. முன் சீட்டில் உட்கார்ந்து, வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே வருவார். அங்கே பிரேக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இருந்தாலும் அழுத்துவார். கண் அசந்து தூங்கியதாகச் சரித்திரமே இல்லை.

சிரித்துவிட்டு விட்டுவிடுகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் மகளைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். "இப்பவே பண்ணிட்டா சின்ன விஷயம்மா. குடல் அதுல மாட்டிக்கிச்சுன்னா அப்புறம் உயிருக்கே ஆபத்து. தள்ளிப் போடாதீங்க." இப்போது அப்பா இருமும்போதெல்லாம் இடுப்புக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொள்கிறார். மகள் பார்த்தால் கையை எடுத்துவிடுகிறார். ஏன் ஓடி வந்தீர்கள் என்று கேட்டால் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு அங்க பிடிக்கல" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இந்த லட்சணத்தில்தான் கல்லூரியில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பார்க்கிற பருவம் தொடங்கியது. பேராசிரியை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆளுக்கொரு கேள்வி வைத்துக்கொள்ள வேண்டும். போகிற எல்லா இடத்திலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். முதலில் எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னபோது அவள் இன்னொரு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். அப்பா ஓடி வந்த அதே இடம்!

நிர்வாக அதிகாரி கண்ணாடி போலத் தரை துடைத்த வராந்தாவெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். லிப்ட் பக்கம் வந்ததும் நின்றார். முகத்தில் குறும்பு.

"இங்க போன வாரம் ஒரு கூத்து நடந்துச்சு. ஒரு பெரியவர் ஸ்ட்ரெச்சர்லேருந்து குதிச்சு ஓடிட்டாரு. அதுவும் அங்கியோட! செக்யூரிட்டி பின்னாலயே ஓடுறாரு, புடிக்க முடியல. ஒரு கையால அங்கியப் பின்னால புடிச்சிக்கிட்டே ஓடுறாரு மனுஷன்!"

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது அவளுக்கு வலிக்கவில்லை. தான் சிரித்ததுதான் பொறுக்கவில்லை. அன்று காலைவரை அவள் எழுதி வைத்திருந்த கேள்வி வேறு. படுக்கை எப்போது காலியாகிறது, எப்போது நிரம்புகிறது என்று என்னவோ. அதை அங்கேயே தூக்கிப் போட்டாள்.

"சார், வார்டுலேருந்து தியேட்டருக்கு நோயாளி எப்படிப் போறாங்க?"

"இது என்னம்மா கேள்வி? ஸ்ட்ரெச்சர்லதான். வேற எப்படிப் போவாங்க?"

அடுத்த வாரம் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி. அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். அவளுக்கு ஏதோ தோன்றியது. "என்னைக் கொஞ்சம் தள்ளிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். வார்டு உதவியாளர் பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை தோளைக் குலுக்கினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள். "ஸ்ட்ரெச்சர் ராணி!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். அன்றிலிருந்து அதுதான் அவள் பெயர்.

வண்டி நகர்ந்தது. மேலே டியூப்லைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. கூரையில் ஈரம் ஊறிய கறை. குனிந்து பார்க்கிறவர்களின் தாடைதான் தெரிந்தது, கண் தெரியவில்லை. தள்ளுகிறவர் அவள் தலைக்குப் பின்னால் யாரிடமோ மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டதா என்று கேட்டார். வண்டி சட்டென்று திரும்பியது. எந்தப் பக்கம் திரும்பியது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நோயும் இல்லாத உடம்பு, விளையாட்டுக்குப் படுத்தவள்தான். ஆனாலும் இரும்புக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னைக்கு நான் ஸ்ட்ரெச்சர்ல படுத்துப் பாத்தேன். எங்க திரும்புறாங்கன்னே தெரியலப்பா. லைட்டு மட்டும் ஓடுது."

அப்பா செய்தித்தாளை இறக்கினார். "உனக்கும் அப்படியா இருந்துச்சு?"

"ஆமாம்ப்பா. கம்பியப் புடிச்சிக்கிட்டேன்."

"நானும் புடிச்சேன்." செய்தித்தாளை நாலாக மடித்து வைத்தார். பிறகு மடைதிறந்தாற்போல வந்தது. "பஸ் நெறைய ஆளுங்கள வெச்சிக்கிட்டு மலையெல்லாம் ஏறி எறங்கியிருக்கேன் பாப்பா. மழ, மூடுபனி, எதுக்கும் அசந்ததில்ல. ரோடு என் கண்ணு முன்னாடி இருக்கும். அங்க ரோடே இல்ல. கால் முன்னால போவுது, தல பின்னால வருது. தள்றவரு மூஞ்சியக்கூடப் பாக்கல நான். பயந்துட்டேன். சாவுக்கெல்லாம் இல்ல..." நிறுத்தினார். "சரி, அதுக்கும்தான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதன்பிறகு அவள் ஆட்டோக் கதையை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவதாகப் போனது ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரி. சுவரில் பெயிண்ட் உரிந்த கட்டடம். வாசலைப் பார்த்ததுமே மாணவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அவள் தன் கேள்வியைக் கேட்பதற்குள்ளேயே எதிரில் பதில் நடந்து வந்தது. நிறைமாத வயிற்றோடு ஒரு பெண், பக்கத்தில் நர்ஸ், இரண்டு பேரும் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டே படியேறிப் போனார்கள்.

"ஆபரேஷனுக்குத்தான் போறாங்க" என்றார் அங்கே நிர்வாகம் பார்க்கிற பெண்மணி. "எங்க யோசனைன்னு நெனச்சிடாதீங்க. லிப்ட் கெட்டுப் போச்சு. அதச் சரி பண்றதுக்குள்ள எங்க பிராணன் போச்சு. வேற வழியில்லாம, நடக்க முடிஞ்சவங்கள நடத்திக் கூட்டிட்டுப் போனோம். மேல போய்ப் பாத்தா, முன்ன மாதிரி பி.பி. எகிறல. நடுக்கம் இல்ல. கதை பேசிக்கிட்டே வர்றாங்க. லிப்ட் சரியானப்புறமும் அப்படியே விட்டுட்டோம். முடியாதவங்களுக்கு மட்டும்தான் ஸ்ட்ரெச்சர்."

அவளுக்கு அந்தப் பெண்மணியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அப்பாவைப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியாதே! வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா வாயைப் பிளந்தார். "வயித்துப் புள்ளையோடயா நடக்கறாங்க?" அம்மா விடுவாளா? "ஆமா, அவங்கல்லாம் ஓடிப் போகல பாத்துக்கோங்க" என்றாள். அப்பா அசடு வழியச் சிரித்தார். பிறகு, "நடந்து போலாம்னா நான் வரேன்" என்றார். சொல்லிவிட்டு இருமினார். கை இடுப்புக்குக் கீழே போயிற்று. இந்த முறை எடுக்கவில்லை.

பருவ முடிவில் பார்த்ததையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் சொல்ல ஏற்பாடாகியிருந்தது. எதிரே நிர்வாக அதிகாரி, மயக்க மருந்து டாக்டர், இன்னும் சிலர். மற்ற மாணவர்கள் வண்ண வண்ணப் படமாகக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். அவள் படம் எதுவும் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு எழுந்து நின்றாள்.

"சார், லிப்ட் கிட்டேருந்து ஓடிப்போனாரே ஒரு பெரியவர், அவர் எங்க அப்பா."

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்ட்ரெச்சர் ராணி என்று பெயர் வைத்தவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நிறுத்தவில்லை. டியூப்லைட்டைச் சொன்னாள், ரோடு தெரியாத டிரைவரைச் சொன்னாள், படியேறிப் போன பிள்ளைத்தாச்சியைச் சொன்னாள். "அவருக்கு ஆபரேஷன் கட்டாயம் பண்ணணும் சார். அவரு இங்கயே வரணும், இதே வராந்தாவுல. ஆனா நடந்து வரணும்."

"விழுந்துட்டா யாரும்மா பொறுப்பு?" என்றார் அதிகாரி. குரலில் பழைய குறும்பு இல்லை. "தூக்கத்துக்கு மாத்திர வேற குடுக்கறோம்."

"அத அவரு போன தடவையே முழுங்கல" என்றாள் அவள். அறையில் சிரிப்பு எழுந்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

மயக்க மருந்து டாக்டர் பேனாவை மூடினார். "மாத்திரய வார்டுல குடுக்கணும்னு ஒண்ணும் இல்ல. வேணும்னா தியேட்டர்ல வந்து நான் ஊசி போட்டுக்கறேன். கூட ஒரு நர்ஸ் நடந்தா போதும். இத்தன நாள் யாரும் கேக்கல, நானும் யோசிக்கல."

அதிகாரி வெகுநேரம் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒருத்தருக்குப் பண்ணிப் பாப்போம்" என்றார் கடைசியில். பிறகு அவளைப் பார்த்து, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதும்மா. அப்பாகிட்டயும் சொல்லிடு" என்றார்.

அந்த நாள் வந்தது. முதுகுப்பக்கம் திறந்த அங்கிக்கு மேல் இன்னொரு அங்கியை முன்பின்னாக மாட்டி, மகளே முடிச்சுப் போட்டாள். ஒரு பக்கம் நர்ஸ், மறு பக்கம் அவள். அப்பா வராந்தாவில் பஸ் நிலையத்தைச் சுற்றிப் பார்க்கிற தோரணையில் நடந்தார். லிப்ட் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். வாசல் பக்கம் பார்த்தார். வெளியே ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. பாழாய்ப்போன ஆட்டோ, அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா! அவர் கையைப் பிடிக்கலாமா என்று மகள் நினைத்தாள். பிடிக்கவில்லை.

"இங்கதான் எறங்கினேன்" என்றார் அப்பா.

"லிப்ட்ல போலாமா, படியில போலாமாங்கய்யா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"படியிலயே போலாம்மா. லிப்ட்ட ஓட்டறது யாருன்னே தெரியாது." ஒரு படி ஏறித் திரும்பினார். "மேல போய் லெஃப்டா, ரைட்டா?"

"ரைட்டு."

"அப்ப சரி" என்று ஏறினார். தியேட்டர் கதவு வரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது ஸ்ட்ரெச்சர்தான், வேறு வழியில்லை. வார்டு உதவியாளரிடம் கெஞ்சி, தலைமாட்டுக் கைப்பிடியில் ஒரு பக்கத்தை அவள் வாங்கிக்கொண்டாள். வராந்தா திருப்பத்தில் அப்பாவின் இமை லேசாகப் பிரிந்தது. மேலே டியூப்லைட் போய்க்கொண்டிருந்தது.

"யாரு ஓட்டறது?" நாக்கு குழறியது.

அவள் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். "நான்தான்ப்பா."

"திருப்பத்துல மெதுவா" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. அவள் போர்வைக்கு வெளியே தெரிந்த அவருடைய வலது காலைப் பார்த்தாள். அது எதையும் அழுத்தவில்லை, சும்மா கிடந்தது.