12.41: தனியாக ஏறினார்

மணியக்காவுக்குப் பொறாமை என்பதே கிடையாது. இது அவளே ஊரெல்லாம் சொல்லி வைத்தது. டிப்போவில் டீ குடிக்கும்போது சொல்வாள், நாத்தனார் வீட்டில் சொல்வாள், கப்பலில் ஏறிய முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னாள். "நான் சந்தேகப்படற ரகம் இல்லப்பா. அவர் யாரோட பேசினா எனக்கென்ன?"

கேட்டவர்கள் நம்பினார்கள். இருபத்திரண்டு வருஷம் கூடவே குடித்தனம் பண்ணிய புருஷனும் நம்பினார், பாவம். நாம் நம்ப வேண்டியதில்லை.

பஸ் டிப்போவில் அவள் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று நீளமான நோட்டில் எழுதுகிற வேலை. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். பஞ்சர், பிரேக் சத்தம், கண்டக்டரோடு வாய்த்தகராறு, எல்லாம் அதில் போகும். மணி பார்த்துப் பார்த்தே அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர் மில்லில் பாய்லர் மெக்கானிக். ஐம்பது வயசு நெருங்கும்போது அவருக்குக் கடலுக்கடியில் மீன் பார்க்கிற ஆசை வந்துவிட்டது. நீச்சல் குளத்தில் பயிற்சி எடுத்து, சர்டிபிகேட் வாங்கி, ஒரு வார கப்பல் பயணத்துக்கு அவளையும் இழுத்துக்கொண்டு வந்தார். அவளுக்குக் காதில் கோளாறு, முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால், தினமும் கப்பலிலிருந்து படகில் கூட்டிப்போனதும், அவர் கடலுக்கடியில், அவள் படகில்.

அதுகூடப் பரவாயில்லை. கடலுக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாதாம். இரண்டிரண்டு பேராக இறங்கி, இரண்டிரண்டு பேராகத்தான் ஏற வேண்டுமாம். தனியாக வந்திருந்த ஒரு பல் டாக்டரம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தி, "சார், உங்க ஜோடி இவங்கதான்" என்றான் முங்கச் சொல்லித்தருகிறவன்.

ஜோடியாம்! மணியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்டிய தலைமுடி, கக்கத்தில் நீந்தும்போது காலில் மாட்டுகிற ஒரு ஜோடி ரப்பர் துடுப்பு, வாயெல்லாம் பல். பல் டாக்டருக்குப் பல் இருக்காதா என்ன? மணியக்கா அவளுக்குத் துடுப்புக்காரி என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டு, வெளியே நன்றாகச் சிரித்து வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தாள்.

முதல் நாள். 9.10 இறக்கம், 9.52 ஏற்றம். குறிப்பு: இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

10.55 இறக்கம், 11.34 ஏற்றம். குறிப்பு: படியில் கை கொடுத்து ஏற்றிவிட்டார். எனக்கு ஒரு நாளாவது பஸ்ஸில் கை கொடுத்திருப்பாரா?

நோட்டில் என்ன என்று அவர் கேட்டதற்கு, "வீட்டுச் சாமான் லிஸ்ட்" என்றாள். பிறகு தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வாள். தொப்பி ஓலையில் பின்னியது, கண்ணுக்கு நேராக இடுக்கு இருந்தது.

மூன்றாம் நாள் காலையிலேயே இரண்டு இறக்கம் முடிந்தது. பெரிய திருக்கை வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, 12.25க்கு எல்லோரும் மறுபடி இறங்கினார்கள். எப்போதும் ஏறுவதற்கு முன்னால் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம் தண்ணீருக்குள் நிற்பார்கள், மேலேயிருந்து பார்த்தால் தெரியும். அன்றைக்கு அவர் மட்டும் கயிற்றுப் பக்கமே வராமல் விருட்டென்று மேலே வந்து விழுந்தார். துடுப்புக்காரி ஒன்பது நிமிஷம் கழித்து ஏறி, "என்ன சார், நீங்க பாட்டுக்கு வந்துட்டீங்க?" என்று கேட்டாள். அவர் குனிந்து காலிலிருந்த துடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

தொப்பிக்குள் மணியக்காவுக்குக் குளுகுளுவென்று இருந்தது. எழுதினாள்: 12.41. தனியாக ஏறினார். கயிற்றில் நிற்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. சண்டை போலிருக்கிறது. நல்லா வேணும்.

மத்தியானம் கப்பல் கரையில் நின்றது, ஆறு மணி வரை ஊர் சுற்றலாம் என்றார்கள். துறைமுகத் தெருவில் நடக்கும்போது அவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. டாக்டரம்மா சிலிண்டரைத் தூக்கிக் குடுத்தேன், அதுல பிடிச்சிக்கிச்சு போல."

"ஊரார் சுமையைத் தூக்கினா வலிக்கத்தான் செய்யும். வீட்ல கேஸ் சிலிண்டரை நான்தானே உருட்டறேன்?"

அவர் எதிரே தெரிந்த மசாஜ் கடையைக் காட்டினார். உள்ளே நுழைந்தால், முன்கூடத்தில் வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறீர்கள்? துடுப்புக்காரியேதான். 'இங்கேயுமா!' என்றது மணியக்காவின் மனசு. அவள் கையாட்டினாள், இவளும் ஆட்டித் தொலைத்தாள்.

மசாஜ்காரம்மா நல்ல வாட்டசாட்டம். திரை போட்ட சின்ன அறை, முகம் வைக்க ஓட்டை போட்ட கட்டில், அடுக்கி வைத்த துண்டுகள், எண்ணெய் வாசனை.

"நீங்க வெளிய உக்காருங்கம்மா."

"இல்ல, நான் இங்கயே இருக்கேன். அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி."

"எனக்கா?" என்றார் அவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

முதுகில் கை வைத்ததுதான் தாமதம், "ஆ...ஹா" என்று ஒரு முனகல். மணியக்கா ஸ்டூலில் நெளிந்தாள். வருஷக்கணக்காக நான் தைலம் தேய்த்திருக்கிறேனே, ஒரு 'ஆ' உண்டா, ஒரு 'ஹா' உண்டா?

மசாஜ்காரம்மாவின் கை இடது தோளில் நின்றது. முதுகில் அங்கங்கே சிவப்புத் திட்டு இருந்தது, அதையும் பார்த்தாள். கட்டை விரலால் அழுத்தினாள்.

"வலிக்குதா அண்ணே?"

"ம்."

கையை எடுத்தாள். "இப்போ?"

"அதே வலிதான்."

"சுளுக்குன்னா தொட்டதும் துள்ளுவீங்க. இது நான் தொட்டாலும் ஒண்ணு, தொடாட்டியும் ஒண்ணு. கடலுக்குள்ள இறங்கினீங்களா இன்னைக்கு?"

"மூணு தடவை."

"ஏறும்போது ஒழுங்கா நின்னு ஏறினீங்களா? மறைக்காம சொல்லுங்க. அவசரமா ஏறினா ரத்தத்துல காத்துக் குமிழி நின்னுடும். போன வருஷம் ஒருத்தர் இதே கட்டில்ல வந்து படுத்தார், சுமை தூக்கினதுன்னு சொல்லி. நானும் நம்பிப் பிடிச்சு விட்டேன். மறுநாள் அவருக்கு ரெண்டு காலும் விழுந்துடுச்சு."

"அதெல்லாம் நின்னு நிதானமா, ஜோடியாத்தான் ஏறினோம்" என்றார் அவர், ஓட்டைக்குள் முகத்தை வைத்தபடி. "விரல் மட்டும் கொஞ்சம் மரத்தாப்புல இருக்கு."

பொய்! மணியக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். துடுப்புக்காரியோடு போட்ட சண்டையை மூடி மறைக்கிறார். அதற்கப்புறம்தான் அந்த இரண்டு கால் மண்டையில் உறைத்தது. கயிற்றில் நிற்காமல் ஏறினாரே! முகம் வெளுத்திருந்ததே! அதைப் பார்த்தா நாம் சந்தோஷப்பட்டோம்?

சொல்லிவிடலாம். ஆனால் படகில் நீ தூங்கிக்கொண்டுதானே இருந்தாய் என்று கேட்பார். நோட்டை எடுக்க வேண்டும். திரைக்கு அந்தப்பக்கம் துடுப்புக்காரி உட்கார்ந்திருக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாகக் காப்பாற்றிய பெயர் நாறிப் போகும். கைப்பையின் ஜிப்பைப் பாதி திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"பொய் சொல்றார்" என்றாள். குரல் கிறீச்சென்று வந்தது. "பன்னெண்டு நாப்பத்தொண்ணுக்குத் தனியா ஏறினார். நிக்கவே இல்ல."

அவர் தலையைத் தூக்கினார். "நீ தூங்கலையா?"

"மூணு நாளா தூங்கல."

"திருக்கை பின்னாடி ஆழமாப் போனதுல சிலிண்டர்ல காத்து தீர்ந்து போச்சு" என்றார் மெதுவாக. "டாக்டரம்மாகிட்ட இன்னும் பாதி இருந்துச்சு. எனக்கு மட்டும் தீர்ந்துடுச்சுன்னு காட்ட அசிங்கமா இருந்தது."

துடுப்புக்காரி ஈரக்காலோடு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "டாக்டர் மூணு நாளும் எப்போ இறங்கினார், எப்போ ஏறினார்னு கேக்கறாங்க. எனக்குச் சரியா ஞாபகமில்லையே!"

மணியக்கா நோட்டை நீட்டினாள்.

துடுப்புக்காரி போனில் படித்துச் சொன்னாள். நேரம், நேரம், நேரம். அவள் கண் ஒவ்வொரு வரியிலும் கடைசிக் கட்டம் வரைக்கும் போய்த் திரும்புவதை மணியக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். காது மடல் கொதித்தது. துடுப்புக்காரியின் வாய் மட்டும் நேரத்தைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வந்தது.

"பன்னெண்டு நாப்பத்தொண்ணு. தனியா ஏறினார். கயித்துல நிக்கல." போனில் ஏதோ கேட்டார்கள். "ஆமா டாக்டர், எழுதியிருக்கு. முகம் வெளுத்திருந்தது." 'நல்லா வேணும்' மேல் கட்டை விரலை வைத்தாள். "அவ்வளவுதான் எழுதியிருக்கு."

நோட்டை மூடி இவள் கையில் வைத்துவிட்டு, "நல்லவேளை எழுதினீங்க" என்றாள். மணியக்காவுக்கு அவளைத் திட்ட ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவரை ஓர் இரும்பு அறைக்குள் வைத்து, காற்றழுத்தம் ஏற்றினார்கள். ஐந்து மணி நேரம் ஆகும், சீக்கிரம் வந்ததால் பயமில்லை என்றார் டாக்டர். பெட்டிகளை எடுத்து வரத் துடுப்புக்காரி கப்பலுக்கு ஓடியிருந்தாள். மணியக்கா அந்த அறையின் வட்டக் கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

உள்ளே அவரோடு ஒரு நர்ஸ் பெண் இருந்தாள். அவருடைய இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினாள். ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். மணியக்கா நோட்டை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். இவள் எழுதுவதைப் பார்த்தார். என்ன எழுதுகிறாய் என்று தாடையை ஆட்டிக் கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? நோட்டைத் திருப்பிக் கண்ணாடியில் ஒட்ட வைத்துப் பிடித்தாள்.

4.20 உள்ளே போனார். குறிப்பு: நர்ஸ் கையைப் பிடித்திருக்கிறாள். பன்னிரண்டு நிமிஷமாக.

அவர் உதட்டை அசைத்து அசைத்து நிதானமாகப் படித்தார். பிறகு, மரத்துப் போயிருந்த அந்தக் கையை நர்ஸின் கையிலிருந்து தானாகவே இழுத்துக்கொண்டார்.

மணியக்கா மணி பார்த்து அதையும் எழுதினாள்.